தள்ளாடாத வம்சம்

லூயி, முதல்ல எங்கயாவது உக்காரு. நின்னுகிட்டே படிச்சா நாலு வரி பாத்துட்டு மடிச்சு பாக்கெட்டுல போட்டுக்குவ, உன்னப் பெத்தவளுக்குத் தெரியாதா? இதக் கொண்டாந்து குடுக்கிறவன் உன் கூட்டாளி பிரபு. தோள்பட்டைல கட்டோட, ஒத்தக் கையால பையத் தூக்கிக்கிட்டு நாளைக்குக் காலைல மெட்ராஸ் பஸ் ஏறுறான். தபால்ல போட்டா வரலன்னு சொல்லுவ, போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிற. ஆனா பிரபு மூஞ்சியையும் அந்தக் கட்டையும் பாத்துக்கிட்டு எதுவும் வரலன்னு சொல்ல உனக்கே வாய் வராது. வேணும்னுதான் அவன் கையில குடுத்தேன்.

அழுது எழுதுற கடுதாசின்னு நெனச்சுக்காத. உன் அம்மா எப்பவோ அழுது முடிச்சுட்டா. மன்னிப்புக் கேக்குற கடுதாசியும் இல்ல. 'நான் வளத்தது சரியில்லையோ, நான் கண்டிச்சிருக்கணுமோ'ன்னு நெஞ்சுல அடிச்சுக்குவேன்னு உங்க சொந்தக்காரங்க எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க. அதெல்லாம் நடக்காது. உன்ன நல்லாத்தான் வளத்தேன். ஆஸ்பத்திரி வராண்டால நின்னுகிட்டு என் மூஞ்சியப் பாத்து ஒண்ணு சொன்னியே, 'என் ரத்தத்துலயே இருக்கும்மா, ஜீன்லயே இருக்கு, நான் என்ன பண்றது'ன்னு, அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேனாவ எடுத்தேன். அன்னிக்கே பளார்னு ஒண்ணு விட்டிருப்பேன். சுத்தி நர்சுங்க நின்னாங்க, பொழச்சுக்கிட்ட.

நடந்தத நானே ஒரு தடவ சொல்றேன், ஏன்னா நீ ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு மாதிரி சொல்லிக்கிட்டிருக்க. சனிக்கிழமை ஆனா உன் கம்பெனிப் பசங்க மெட்ராஸ்லருந்து கெளம்பி வந்துடறாங்க. பாண்டிச்சேரின்னா அவங்களுக்குக் கடலும் இல்ல, கோயிலும் இல்ல, வெல கம்மியா கெடைக்கிற பாட்டில்தான். உள்ளூர்க்காரன்னு நீதான் வழிகாட்டி. போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கோயில்ல பூசை முடியறதுக்குள்ள உங்க பூசை ஆரம்பிச்சிருக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போலாம்னு கெளம்பறப்ப மத்தவனெல்லாம் கால் பின்னிக்கிட்டு நிக்குறான், நீ மட்டும் கல்லு மாதிரி நிக்குற. 'நீ ஸ்டெடிடா மச்சான், நீயே ஓட்டு'ன்னு ஒருத்தன் சாவியக் குடுக்குறான். எல்லார விடவும் அதிகமா ஊத்திக்கிட்டவன் நீதான், உன் கையிலதான் சாவி. அரியாங்குப்பம் பாலத்துக்கிட்ட வண்டி போயி கட்டச்செவுத்துல மோதுச்சு, பின்னாடி உக்காந்திருந்த பிரபு தூக்கி எறியப்பட்டான். உனக்கு ஒரு கீறல் இல்ல. ஆஸ்பத்திரிக்குள்ள நீ நேரா, கம்பீரமா நடந்து வந்தியாம். பக்கத்துல வந்து வாடை புடிச்ச பெறகுதான் அந்த டாக்டரம்மாவுக்கே நீ குடிச்சிருக்கேன்னு தெரிஞ்சுதாம்.

இப்ப உன் சயின்சுக்கு வர்றேன். பயோடெக்னாலஜி படிச்ச புள்ள, பிரவுசிங் சென்டர்ல உக்காந்து எல்லாத்தையும் தோண்டி எடுத்திருக்க. ரெட்டப் புள்ளைங்களப் பிரிச்சு வெச்சுப் பாத்தாங்களாம், தத்துப் போன புள்ளைங்களப் பாத்தாங்களாம், பெத்தவன் குடிகாரன்னா வேற வீட்ல வளந்தாலும் புள்ளைக்கு அந்த இழுப்பு இருக்குமாம். சரி. நான் இல்லன்னு சொல்லல. ஒண்ணாங்கிளாஸ் வாத்திச்சிக்கு இதெல்லாம் புரியாதுன்னு நெனச்சியா? அப்பன் மூக்கு, அம்மா காது, தாத்தன் முன்கோபம்னு வருஷா வருஷம் என் கிளாஸ்ல வந்து உக்காருதுங்களே, அதுங்கள முப்பது வருஷமா பாக்குறேன். ஆனா ஒரு வேடிக்கை பாத்தியா. சாயங்காலம் கிளாஸ் கையில இருக்கறப்ப 'எனக்கு ஏறவே ஏறாது, நான் ஸ்டெடி'ன்னு மீச முறுக்குற. மறுநாள் ஆஸ்பத்திரில நின்னு 'என்னால முடியலம்மா, ரத்தம்'னு கைய விரிக்குற. சாயங்காலம் வீரன், மறுநாள் நோயாளி. ரெண்டுல எதுவோ ஒண்ணுதான்டா நீ, தீர்மானம் பண்ணு.

உண்மையச் சொல்லட்டுமா? அந்த ரெண்டும் ஒண்ணுதான். அது எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. உனக்குத் தெரியணும்னா உன்னோட பதினெட்டாவது வயசுக்குப் போகணும்.

பிரான்சு தேசிய நாளுன்னு நம்ம வீட்ல கொண்டாடுற ஜூலை பதினாலு மறந்திருக்க மாட்ட. உங்க பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து நாடு நாடாச் சுத்திட்டு ரித்ரேத்துப் பென்ஷன் வாங்குற மனுஷன். காலைல மெடலெல்லாம் குத்திக்கிட்டு கடற்கரைல அணிவகுப்புக்குப் போயி நின்னுட்டு வருவாரு. மத்தியானம் வம்சமே அவரு வீட்டுக் கூடத்துல கூடும். சாப்பாட்டுக்கு முன்னாடி அப்பெரித்தீஃப்னு சரக்கு ஊத்துவாங்க. அந்த வருஷம் எந்தப் பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சுதோ அவனுக்கு ஒரு முழு கிளாஸ், தண்ணி கலக்காம. குடிச்சிட்டு அடுப்படிக்குப் போயி, சூப்பு நெறஞ்ச பெரிய பீங்கான் கிண்ணத்த ரெண்டு கையால ஏந்திக்கிட்டு, தரையோட கரைக்கோட்டு மேலயே நடந்து வந்து பெரியப்பா முன்னாடி வெக்கணும். ஒரு சொட்டு சிந்தக்கூடாது. சிந்தலன்னா கை தட்டல், 'பிராவோ', 'நம்ம ரத்தம்டா'ன்னு முதுகுல தட்டு. சிந்துனா வாழ்நாள் பூரா கேலி. பிரான்சுலயும் இப்படி ஒரு கூத்து இல்ல, தமிழ்நாட்டுலயும் இல்ல. ரெண்டையும் போட்டுக் கலக்கி நம்ம வீட்டு ஆம்பளைங்களா கண்டுபுடிச்சது.

உங்க அந்தோணி சித்தப்பா சிந்துனாரு. அவரு முறை வந்தப்ப அரைக் கிளாஸ் உள்ள போனதுமே மூஞ்சி மொளகாப்பழமாச் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, சூப்பு மொத்தமும் பெரியப்பாவோட பாலிஷ் போட்ட ஷூ மேல கொட்டுச்சாம். நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடி நடந்தது, ஆனா நேத்து நடந்த மாதிரி இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க. 'அரைக் கிளாஸு'ன்னு பேரு வெச்சாங்க. பொண்ணு குடுக்கவே யோசிச்சாங்களாம், ஒடம்புல வலு இல்லாத ஆளுன்னு. அந்த வலு இல்லாத ஆளு இன்னிக்கும் ரெட்டியார்பாளையத்துலருந்து டவுனுக்கு சைக்கிள் மிதிச்சு வர்றாரு, பேரப்புள்ளைய முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டு. அவர யாரும் வம்சத்துப் பெருமைன்னு சொல்றதில்ல.

உங்க அப்பா சிந்தல. நீயும் சிந்தல. நீ அந்தக் கிண்ணத்த ஏந்திக்கிட்டு வந்தப்ப நான் கதவோரமா நின்னேன். உன் கை ஆடல, கண்ணு கலங்கல, மூஞ்சில ஒரு சிரிப்பு வேற. உங்கப்பா அப்பத்தான் செத்து ரெண்டு வருஷம். பெரியப்பா எழுந்து உன்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு 'என் தம்பியே திரும்பி வந்துட்டான்'னு அழுதாரு. கூடமே அழுதுது. எனக்கு மட்டும் அழுகை வரல, ஏன்னு அன்னிக்குத் தெரியல.

உங்கப்பாவ உனக்குத் தெரியும், ஆனா புள்ளையாத்தான் தெரியும். பொண்டாட்டியா எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். கரெண்ட் ஆபீஸ்லருந்து சாயங்காலம் வருவாரு, சட்டையக் கழட்டி மடிச்சு வெப்பாரு, உக்காந்து குடிப்பாரு. சத்தம் போட்டது இல்ல, என் மேல கை நீட்டுனது இல்ல, தெருவுல விழுந்து கெடந்தது இல்ல. குடிச்சிட்டு உனக்குக் கணக்குச் சொல்லித் தருவாரு, ஒரு கணக்குத் தப்பாது. பக்கத்து வீட்டு மதாம் என்கிட்ட, 'குடுத்து வெச்சவடி நீ, உன் புருஷன் குடிச்சாலும் தெரியல பாரு'ன்னு பொறாமப்பட்டா. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். முதல்ல ரெண்டு கிளாஸ், அப்புறம் நாலு, அப்புறம் பாட்டில். ஏறுனாத்தானே நிறுத்தறதுக்கு? ஒரு நாள் கண்ணு மஞ்சளாச்சு, அப்புறம் வயிறு வீங்குச்சு, அப்புறம் மூக்குலருந்தும் வாயிலருந்தும் ரத்தமா வந்துது. சாவு வீட்டுக்கு வந்தவங்க அத்தன பேரும் என் கையப் புடிச்சுக்கிட்டு ஒரே மாதிரி சொன்னாங்க, 'தங்கமான மனுஷன், ஒரு நாள் தள்ளாடிப் பாத்ததில்ல'ன்னு. பெட்டிக்குள்ள படுத்திருக்கிற ஆளுக்கு அதுதான் சர்டிபிகேட்டு.

பிரபுவ வார்டுல சேத்த அன்னிக்கு, நீ கோவிச்சுக்கிட்டு வெளிய போன பெறகு, அந்த டாக்டரம்மாவப் புடிச்சு உக்கார வெச்சேன். சின்ன வயசுதான், உன்னவிட நாலஞ்சு வயசு பெரியவளா இருப்பா. 'என் புள்ள ரத்தம்னு சொல்றானே, நெசமா?'ன்னு கேட்டேன். அவ சுத்தி வளைக்கல. 'ஆமாம்மா, கொஞ்சம் நெசம்தான். ஆனா குடிகார ஜீன்னு தனியா ஒண்ணு கெடையாது. சின்னச் சின்னதா நெறைய இருக்கு. ஒருத்தருக்கு ஒரு வாய் குடிச்சாலே ஒடம்பு வேணாம்னு சொல்லிடும், மூஞ்சி செவந்துடும், வாந்தி வரும். இன்னொருத்தருக்கு ஒடம்பு எதுவுமே சொல்லாது. குடும்பத்துல குடி இருந்து, வாலிப வயசுல ஏறவே ஏறலன்னு ஒருத்தன் சொன்னா, நாங்க அவனப் பாத்துத்தான் அதிகமா பயப்படுவோம்'னா. அடி புடிக்கிற வாடை தெரியாத மூக்க வெச்சுக்கிட்டு பால் காய்ச்சுற மாதிரிடா அது. பால் என்னமோ பொங்கி அடி கருகிக்கிட்டுதான் இருக்கு, மூக்குக்குத்தான் தெரியல. அந்த மூக்கப் பாத்து நம்ம வீட்ல கை தட்டியிருக்கோம். வருஷா வருஷம் ஒரு பையனக் கூப்பிட்டு, இவனுக்கு எச்சரிக்க மணி அடிக்குதான்னு சோதிச்சு, அடிக்கலன்னா கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்திருக்கோம். மணி அடிச்ச ஒரே ஆளு அந்தோணி, அவரப் பாத்துச் சிரிச்சிருக்கோம்.

அவ இன்னொண்ணும் சொன்னா. கொணத்துலயும் கொஞ்சம் பொறப்புல வருமாம். புதுசு புதுசாத் தேடறது, வேகத்துக்கு அலையறது, 'பாத்துக்கலாம்'னு குதிக்கிறது, அந்த மாதிரிப் புள்ளைங்க சீக்கிரமா பாட்டிலத் தொடுமாம். 'உங்க வீட்டுக்காரர் அப்படியா?'ன்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உங்கப்பாவா? தெருவத் தாண்டறதுக்கே ரெண்டு பக்கமும் பாத்துட்டு மறுபடியும் ஒரு தடவ பாக்குற மனுஷன். அந்தக் கொணம் என்னோடதுடா, லூயி. பதிமூணு வயசுல கடலுக்குள்ள நீளுற பழைய பாலத்து மேலருந்து குதிச்சவ நான், பாவாடையோட. உங்க தாத்தா வெளக்குமாத்தால அடிச்சாரு, மறுவாரமும் குதிச்சேன். உங்கப்பா போனதுக்கப்புறம், விதவைப் பொம்பள வண்டி ஓட்டலாமான்னு உங்க பெரியம்மா வாயில கைய வெச்சப்ப, கடன்ல ஒரு மொபெட்டு வாங்கி, ஸ்கூல் விட்டதும் பீச் ரோட்டுல மொத்த ஆக்சிலேட்டரையும் திருகுவேன். பொடவ முந்தானை பறக்கும். உசுரு இருக்குன்னு அப்பத்தான் தெரியும் எனக்கு. உனக்கு சனிக்கிழமை வந்தா கால் தரையில நிக்க மாட்டேங்குதே, அது உங்கப்பன் ரத்தம் இல்ல, என்னுது.

அப்ப நான் ஏன் குடிகாரி ஆகல, சொல்லு? நான் ஒண்ணும் புனிதவதி இல்ல. பதினெட்டு வயசுல எனக்கு யாரும் கிளாஸ் குடுக்கல, அவ்ளோதான். கூடத்துல நிக்க வெச்சு கை தட்டல. சனிக்கிழமையானா என்னத் தேடி நாலு பேரு பாட்டிலோட வரல. எனக்குக் கெடைச்சது கடலும் மொபெட்டும். உனக்குக் கெடைச்சது கிளாஸு. அதே வேகம்தான், ஊத்துன எடம்தான் வேற. அதனால ரத்தம் ரத்தம்னு என்கிட்ட வராத. ரத்தம்னா அதுல பாதி என்னுது, அந்தப் பாதியக் கேட்டுட்டுப் பேசு. அந்தப் பாதி யாருக்கும் பயந்ததில்ல, எவன் சிரிச்சாலும் கவலப்பட்டதில்ல. 'எனக்கு வேணாம்'னு நாலு பேரு முன்னாடி சொல்றதுக்கு அந்தத் திமிரு போதும். சொல்லிப் பாரு, வரும்.

அதத்தான் போன ஞாயித்துக்கிழமை உங்க பெரியப்பாகிட்டயும் சொன்னேன். கோயில்ல உனக்கும் ஜோஸ்பினுக்கும் முதல் ஓலை வாசிச்சாங்க. பொண்ணு மாப்ள பேரச் சொல்லி, தடை ஏதாவது தெரிஞ்சவங்க தெரிவிக்கணும்னு மூணு ஞாயித்துக்கிழமை வாசிக்கிறதுதானே. நீ வரல, வேலைன்னுட்ட. பூசை முடிஞ்சு பெரியப்பா வீட்ல விருந்து. ஊத்தி வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சாரு, 'கல்யாணத்தன்னிக்குப் பந்தில மாப்ள கிளாஸ வாங்கிக் குடிச்சிட்டுக் கிண்ணத்த ஏந்திக்கிட்டு வரணும், சம்மந்தி வீட்டாளுங்க பாக்கட்டும் நம்ம பையன் எப்படித் தாங்குறான்னு'ன்னாரு.

'அதெல்லாம் வேணாம் மாமா. என் புள்ள கையில கிளாஸ் குடுக்கக்கூடாது'ன்னேன்.

'ஏம்மா? நேத்து வந்தவ எங்க வீட்டு வழக்கத்த மாத்தறியா?'

'மாத்தறேன் மாமா.'

'அவன் ரத்தம் தாங்கும்மா. சொல்தா ரத்தம்.'

'உங்க தம்பியும்தான் தாங்குனாரு மாமா. வயிறு வீங்கிக் கட்டில்ல கெடந்தப்பக்கூடத் தள்ளாடலயே. எழுந்து நிக்க முடிஞ்சாத்தான தள்ளாடறதுக்கு?'

பெரியப்பா மூஞ்சி சுண்டிப் போச்சு. 'சா சுஃபி'ன்னாரு. போதும்னு அர்த்தம். அவருக்கு ரொம்ப வலிச்சா பிரெஞ்சு வந்துடும். எழுந்து உள்ள போயிட்டாரு. பாவமாத்தான் இருந்துது, தம்பி மேல உசுர வெச்சிருந்த மனுஷன். அதுக்காகச் சொன்னதத் திருப்பி எடுத்துக்க மாட்டேன். வாசல்ல செருப்ப மாட்டறப்ப உங்க அந்தோணி சித்தப்பா மட்டும் பின்னாடியே வந்து, 'அண்ணி, இத்தன வருஷத்துல அந்த வீட்ல எனக்காகப் பேசுன ஆளு நீங்கதான்'னாரு. நான் அவருக்காகப் பேசல, உனக்காகத்தான் பேசுனேன். ஆனா அவரு கண்ணு கலங்கியிருந்துது, அதனால சொல்லிக்கல.

எனக்கும் ஒரு காலத்துல ஓலை வாசிச்சாங்கடா. இதே கோயில்தான். அன்னிக்கு உக்காந்திருந்த அத்தன பேருக்கும் உங்கப்பாவத் தெரியும். எங்கப்பா விசாரிச்சப்ப யாரும் பொய் சொல்லல. 'குடிப்பாப்ல, ஆனா குடிச்சதே தெரியாது'ன்னு நெசத்தத்தான் சொன்னாங்க, நல்ல கொணம்னு நெனச்சுத்தான் சொன்னாங்க. எங்கப்பாவும் சந்தோஷமா வீட்டுக்கு வந்தாரு. போன ஞாயித்துக்கிழமை நான் அதே மாதிரி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, சாமியார் 'தடை ஏதாவது இருந்தா'ன்னு வாசிச்சப்ப, பெஞ்ச விட்டு எழுந்திருக்கல. மறுநாள் சாமியார்கிட்டயே போயிக் கேட்டுட்டேன், 'குடி ஒரு தடையா சாமி?'ன்னு. அவரு நெத்தியச் சொறிஞ்சாரு. திருச்சபைச் சட்டத்துல அது தடையில்லையாம். அப்ப யாருக்குச் சொல்லணும்? கட்டிக்கப் போறவளுக்குத்தான சொல்லணும்.

அந்தப் பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? ஓலை வாசிச்ச அன்னிக்குக் கோயில் வாசல்ல, 'அத்தை, அவருக்கு ஏறவே ஏறாதாமே? எங்கப்பா தேங்காய்த்திட்டு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. அது நல்லதுதான அத்தை?'ன்னா. நீ அவ அப்பாவோட உக்காந்து கிளாஸுக்குக் கிளாஸ் குடிச்சிட்டு நேரா எழுந்து போனியாமே. மீன் ஏலத்துல நிக்குற மனுஷன், கூடையத் தூக்கிக்கிட்டே, 'என் மாப்ள ஸ்ட்ராங்கு'ன்னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்றாராம். எங்கப்பா மாதிரியே இவரும். அவ அத நம்பிக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துக் கேக்குறா. அந்த நேரம் பாத்து நாலு பேரு வந்து பேச்சுக் குடுத்துட்டாங்க, நானும் தப்பிச்சேன்னு வந்துட்டேன். வந்தேனே தவிர சோறு எறங்கல. பக்கத்து வீட்டுக்காரியா இருந்தா எவளோ எப்படியோ போறான்னு விட்டுடுவேன். இவ என் மருமகளா வரப் போறவ. நாளைக்கு எம் பக்கத்துல, அதே அடுப்படில, கண்ணு மஞ்சளான புருஷனுக்குக் கஞ்சி வெச்சுக்கிட்டு நின்னான்னா, 'அன்னிக்கு நான் கேட்டேனே அத்தை'ன்னு அவ ஒரு வார்த்த கேட்டா, நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்குவேன்?

இன்னிக்கு மத்தியானம் ஜோஸ்பின் வந்தா. உனக்கு விபத்துன்னு அவங்கப்பா ஒரு முழு வஞ்சிரம் குடுத்தனுப்பியிருந்தாரு. உக்கார வெச்சுச் சொல்லிட்டேன். உங்கப்பாவப் பத்தி, கிண்ணத்தப் பத்தி, டாக்டரம்மா சொன்னதப் பத்தி, பாலத்துக்கிட்ட நீதான் குடிச்சிட்டு ஓட்டுனேங்கிறதப் பத்தி, ஒண்ணு விடாம. உங்க சொந்தக்காரங்க காதுல விழுந்தா, பெத்த புள்ள கல்யாணத்தையே கெடுத்த பாவின்னு என்னத் தூத்துவாங்க. தூத்தட்டும். புருஷன முழுங்குனவன்னு சொன்னதையே கேட்டுட்டேன், இது எந்த மூலைக்கு?

அவ கடைசி வரைக்கும் கேட்டா. அப்புறம், 'நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னாரு அத்தை'ன்னா.

'நாயெல்லாம் வரலம்மா.'

அப்புறம், 'விட்டுடுவாரா அத்தை?'ன்னு கேட்டா.

'எனக்குத் தெரியாதும்மா. அவனுக்கு மத்தவங்களவிடக் கஷ்டமா இருக்கும், அத ஒத்துக்கறேன். ஆனா முடியாததுன்னு இல்ல. டாக்டரம்மா வரச் சொல்லியிருக்காங்க, போவானான்னு தெரியாது.'

'நீங்க சொன்னா கேப்பாரா?'

'நான் சொல்லிக் கேக்குற ஜாதியா இருந்தா அவங்கப்பா இன்னிக்கு உசுரோட இருப்பாரும்மா.'

அவ அழுவான்னு நெனச்சேன். அழல. நீ நெனைக்கிற மாதிரி அவ பயந்த பொண்ணு இல்லடா, எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. 'ஜீனு கீனெல்லாம் எனக்குத் தெரியாது அத்தை'ன்னா. 'அவங்கப்பா குடிச்சாருன்னு நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். குடிய விடறதுக்கு நாளாகும்னாலும் கூட நிப்பேன். ஆனா இல்லாத நாய நம்பிக்கிட்டு என்னால குடும்பம் நடத்த முடியாது. நான் போன் பண்றேன். அவரு வாயால நெசத்தச் சொல்லட்டும். சனிக்கிழமை வந்து எங்கப்பாகிட்டயும் சொல்லட்டும். சொல்லலன்னா ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை வாசிக்க வேணாம்னு சாமியார்கிட்ட நானே போயிச் சொல்லிடறேன். இதையும் அவருகிட்டச் சொல்லிடுங்க அத்தை, நான் ஒளிஞ்சிருந்து புடிக்கிறவ இல்ல'ன்னா. சொல்லிட்டு எழுந்து, மீன நானே அரிஞ்சு குடுத்துட்டுப் போறேன்னு அருவாமனையத் தேடுனா. அப்பத்தான் நான் அழுதேன்.

அவ சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன், இதுக்கு மேல நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. உன் ஒடம்பு எப்படிப் பொறந்துச்சோ அதுக்கு நீ பொறுப்பில்ல, ஒரு நாளும் அதுக்காக உன்னக் கொற சொல்ல மாட்டேன். இன்னும் பத்து வருஷம் கழிச்சு ஒரு சாயங்காலம் உனக்குக் கை நடுங்குனா என் வீட்டுக் கதவத் தட்டு, தெறந்து வெச்சிருப்பேன். ஆனா நாய் வந்துச்சுன்னு சொன்னது உங்கப்பனும் இல்ல, நானும் இல்ல, எந்த ஜீனும் இல்ல. அது நீ.

பிரபு இதக் குடுக்கறப்ப மத்தியானம் ஆயிருக்கும். சாயங்காலம் அவ கூப்பிடுவா. எடுத்துப் பேசு.

அம்மா